பேசுவதற்கு ஒரு வழி

வாடகைத்தாய்க்கும் பெற்றோருக்கும் பொருத்தம் பார்க்கும் இயந்திரம், வாடகைத்தாயாக வந்த தூத்துக்குடி எஸ்தருக்குச் சென்னை நிலோஃபரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. குரல், கோபம், பயம் எல்லாவற்றையும் அலசித்தான் அது ஆள் சேர்க்கும். சேர்த்தது தப்பவில்லை. எஸ்தர் வயிற்றில் பிள்ளை இருந்த வரை இருவருக்கும் பேசி மாளவில்லை. புருஷனிடம் சொல்லாததைக்கூட எஸ்தர் அவளிடம் சொன்னாள்.

பிரசவம் முடிந்த அன்றே, சட்டப்படி தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். எஸ்தருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

"என்ன, பிள்ள நெனப்பா?" என்றான் கணவன் சேவியர்.

"பிள்ள அவங்களோடது. எனக்கு நிலோஃபர் அக்காகிட்டப் பேசணும் போல இருக்கு."

மழைக்காலம் முடிவதற்குள் இயந்திரத்திடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. நிலோஃபர் இரண்டாவது குழந்தை கேட்டிருந்தாள். சுமக்கச் சம்மதித்தால்தான் பேச அனுமதி. சேவியரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எஸ்தர் சம்மதம் சொன்னாள்.

திரையில் நிலோஃபர் வந்தாள். தோளில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"இந்த ஒண்ணையே சமாளிக்க முடியல எஸ்தர். வேற எப்படி உங்கிட்டப் பேசுறதாம்?"

எஸ்தர் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க, வயிற்றில் பிரசவத் தையல் இழுத்து வலித்தது.