ஒரே ஓனர்

"ஒரே ஓனர்தாம்மா. அடிபடாத வண்டி மாதிரி வெச்சிருக்கோம்" என்று கேமராவின் முதுகைத் தட்டிக் காட்டினார் சூப்பர்வைசர்.

தன் பழைய ஸ்கூட்டரை விற்றபோது சொன்ன அதே வசனம். சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம்தான் கிடையாது என்று அவர் மனைவி சொல்வதுண்டு. கேமராவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது தன் மகளைக் கெடுக்கிறது என்பது மட்டும்தான்.

விளம்பரத்தைப் பார்த்து வந்திருந்த பெண், கைக்குழந்தையை வாங்குவதுபோல அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இதெல்லாம் புதுசு சார். போட்டோ எடுக்கக் கத்துக்கணும்னு ஆசை. புது கேமரா விலையைக் கேட்டா மயக்கம் வருது. அதான் பழைய டி.எஸ்.எல்.ஆரா தேடிட்டிருந்தேன்."

"கத்துக்கிறதுக்கு இதைவிட நல்லது கிடைக்காதும்மா."

"கிடைக்கும்" என்றாள், சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மகள். "அது பத்து வருஷத்துப் பழசுங்க. பேட்டரி அரை நாள் தாங்காது. உள்ள சென்சார்ல தூசி. வானத்தை எடுத்தா கறுப்புக் கறுப்பா புள்ளி விழும். அப்புறம், ஒரே ஓனர் இல்ல, ரெண்டு. முதல்ல எங்க மாமா, அடுத்து நான்."

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது.

"நீ எப்படி ஓனர்? நீ காசு குடுத்தா வாங்கினே? உங்க மாமா புதுசு வாங்கினான், பழசை உன் தலையில கட்டினான். ஓசியில வந்ததுக்கு என்ன உரிமை? காசு குடுத்து வாங்கினவங்கதான் ஓனர்."

மகள் தலை குனியவில்லை. அந்தக் குனியாத தலைதான் அவருக்கு வயிற்றெரிச்சல். மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, கம்பெனி ஆபீஸில் அவளுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். "வேணாம்ப்பா, நான் போட்டோகிராபர் ஆகப்போறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதைத் தவிர வேறு வரும்படி இல்லாதவளுக்கு இவ்வளவு திமிர். கேமரா இருந்தால்தானே இந்த ஆட்டம் என்று அன்றைக்கே அதைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார்.

வந்த பெண் கண்ணருகே வைத்து ஒரு தடவை அழுத்தினாள். டக்கென்று சத்தம் வந்தது.

"சத்தம் நல்லாருக்கே."

"சத்தம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மகள். "ஷட்டருக்கு ஆயுசுன்னு ஒண்ணு இருக்குங்க. இதுல முக்கால்வாசி முடிஞ்சாச்சு. கைப்பிடி ரப்பரை நல்லா அழுத்திப் பாருங்க, உரிஞ்சு வரும். போட்டோவைப் போனுக்கு அனுப்பவும் முடியாது. விளம்பரத்துல போட்ட விலை இதுக்கு ரொம்ப ஜாஸ்தி."

"வாயை வெச்சிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

"இருக்கிறதைத்தானே சொல்றேன். நீங்க சொல்லுங்களேன், லென்ஸை எப்படிக் கழட்டுறதுன்னு."

அவர் எந்தப் பக்கம் திருகினாலும் அது அசையவில்லை. வந்தவள் கேமராவை மெல்ல மேஜையில் வைத்துவிட்டாள். "இவ்வளவு குறை சொல்றாங்களே சார். நான் வேற எங்கயாவது..."

விற்கவிடாமல் அடிக்கத்தான் மகள் இந்தப் பாடு படுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. யாரிடம்? அறுபது பேரைக் கட்டி மேய்க்கிறவரிடமா?

"உட்காரும்மா. அவ சொன்னதுக்கெல்லாம் சேர்த்துக் குறைச்சுக்கிறேன். பாதி விலை குடு, போதும்." சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். "இன்னும் ஏதாவது குறை இருந்தா சொல்லு, சும்மாவே தூக்கிக் குடுத்துடறேன். இன்னிக்கு இது இந்த வீட்டை விட்டுப் போகுது."

மகளின் உதடு துடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வந்த பெண் இன்னும் தயங்கினாள். "உங்க பொண்ணைப் பார்த்தா பாவமா இருக்கு சார். நாளைக்கு மனசு மாறித் திருப்பிக் கேட்டீங்கன்னா?"

"நானா? நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். காசு குடுத்தாச்சுன்னா உன் பொருள். எடுத்துட்டு ஊரைச் சுத்து, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"எழுதித் தர்றீங்களா?" என்றாள் மகள் வெடுக்கென்று.

"ஏன் தர மாட்டேன்?" ஒரு தாளைக் கிழித்து, பணம் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வந்தவள் பணத்தைக் கொடுத்தாள், தாளை மடித்துக் கேமராவோடு அதன் பைக்குள் வைத்தாள், கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

சூப்பர்வைசருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அப்போதுதான் மேஜைமேல் சார்ஜர் கிடப்பதைப் பார்த்தார்.

"அடடா, விட்டுட்டுப் போயிடுச்சே. ஓடு, குடுத்துட்டு வா. அப்படியே ஆபீஸ்ல என்னிக்குச் சேரப்போறேன்னு யோசிச்சுட்டு வா."

மகள் சார்ஜரை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அவர் ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். கடைசியாக ஒரு முறை அது தெருவைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட வேண்டும்.

கீழே, அந்தப் பெண் சார்ஜரை வாங்கவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி மகளின் தோளில் மாட்டினாள்.

"ஏய், என்ன பண்றே? வித்தாச்சு அது, திருப்பிக் குடு" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணுக்கு உயர்த்தினாள்.

"என்கிட்டதான்ப்பா வித்தீங்க. இவங்க என்கிட்ட டியூஷன் படிக்கிற பசங்களோட அம்மா, நீங்க வாங்கினது என் டியூஷன் காசு. கொஞ்சம் அசையாம நில்லுங்க."