ஜலதோஷத்துக்கு வந்த பலகாரம்

"கையை நீட்டுங்க."

"காலையிலதானே குத்தினே?"

"அது காலைச் சர்க்கரை. இது மத்தியானச் சர்க்கரை. நீட்டுங்கன்னா நீட்டணும்."

வார்தோயோ மூக்கைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் விரலை நீட்டினார். மாத்திரையும் பத்தியமுமாக வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்த சர்க்கரை, ஒரு சாதாரண ஜலதோஷம் வந்ததும் தலைகால் தெரியாமல் ஏறிவிட்டது. இருமி இருமி நெஞ்செல்லாம் வலி. வாய் கசந்தது. ஆனாலும் கஞ்சி குடிக்காமல் மாத்திரை போடக் கூடாது என்று ரத்மி கரண்டியும் கையுமாக நிற்பாள்.

"இருநூத்தி நாப்பது," என்றாள் ரத்மி. "வெள்ளிக்கிழமை ஹஜ்ஜுக்கு உடம்பைச் சோதிக்கிறாங்க. இப்படியே இருந்தா பேரை நிறுத்தி வெச்சிடுவாங்க."

"நீயாவது போயிட்டு வா."

"இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது நான் மட்டும் விமானம் ஏறவா? பேசாம முதுகைக் காட்டுங்க."

எண்ணெயைத் தடவி, ஒரு காசின் விளிம்பை அழுத்தி இழுத்தாள். முதுகில் பட்டை பட்டையாகச் சிவப்புக் கோடுகள் எழுந்தன. உடம்புக்குள் புகுந்த காற்று வெளியேறினால் சளியும் போய்விடும் என்பது ஜாவாவின் மகேலாங் ஊரில் டாக்டர்கள் வீட்டிலும் நடக்கிற வைத்தியம்தான்.

அதற்குள் வாசலில் பேச்சுக்குரல். பக்கத்து வீட்டு மர்யாத்துன் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வெறும் ஜலதோஷம்தான். ஆனால் ஹஜ்ஜுக்குப் போகப்போகிறவருக்கு வந்த ஜலதோஷமாயிற்றே! சில நாட்களாகவே இதே ஊர்வலம். நோயாளியைப் பார்க்க யாரும் அங்கே வெறுங்கையோடு வருவதில்லை.

"கொஞ்சம் கெத்துக் கிண்டினேன். மரவள்ளிக்கிழங்கு, உடம்புக்கு நல்லது. அப்புறம் ஒட்டரிசி வாஜிக். பயப்படாதீங்க, முழுக்கப் பனைவெல்லம்தான். அது சர்க்கரையே இல்ல, மருந்து!" என்றாள் மர்யாத்துன்.

ரத்மி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அவர்கள் போனதும் அவள் சிரிப்பும் போயிற்று.

"ஒரே ஒரு துண்டு..." என்றார் வார்தோயோ.

"மூச்!"

"அப்ப யாருக்காவது குடுத்துடு."

"யாருக்குக் குடுக்க? தெருவே இங்கதான் கொண்டு வருது. மர்யாத்துன் பண்ணினது அடுத்த வீட்டுல இருந்தா நாளைக்கு என் முகத்துல முழிப்பாளா? குப்பையில போட்டா பாவம். வீட்டுல வெச்சா உங்க கை சும்மா இருக்காது."

சொல்லிக்கொண்டே இலையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒன்று. இன்னொன்று. அப்புறம் மற்றொன்று. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். வார்தோயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோவு எனக்கு, விருந்து இவளுக்கா?

ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, ரத்மி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். பாவம், அவளுக்கும் ஓய்ச்சல் ஒழிவில்லை. அந்தச் சமயம் பார்த்து, மிச்சமிருந்த வாஜிக்கில் ஒரு துண்டை அவர் அப்படியே விழுங்கினார். மூக்கடைப்பில் ருசிகூடத் தெரியவில்லை. இலையைப் பழையபடி மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை, சுகாதார நிலையத்தில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நெடுநேரம் கழித்து நர்ஸ் இரண்டு காகிதங்களோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். சொல்லத் தயங்குகிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"சர்க்கரை முன்னூத்தி அறுபது இருக்கு. இந்த நிலைமையில அனுப்ப முடியாது. பேரை நிறுத்தி வெக்கிறோம்."

ரத்மி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அவள் கண் கலங்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

"தப்பு என்னோடதுதான். அன்னிக்கு நீ கண்ணசந்தப்போ ஒரு துண்டு வாஜிக் தின்னுட்டேன். நீ போயிட்டு வா ரத்மி. எனக்காக நீ நிக்காதே..." அதற்குமேல் பேச முடியாமல் இருமினார்.

நர்ஸ் காகிதங்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, உங்களுக்கு நூத்தி நாப்பதுதான், நீங்க கிளம்பலாம். நான் சொன்னது அம்மாவோட சர்க்கரை."