இரண்டாவது கோப்பை

காலை ஒன்பது மணி வரை நான் மனுஷனே இல்லை. தலை கனக்கும், யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுவேன். என் மனைவியோ விடியுமுன் எழுந்துவிடுவாள். இரவில் எனக்குப் பேச்சு வரும்போது தூங்கிப்போவாள்.

கொஞ்ச நாளாக, நான் எழும்போது பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு காபிக் கோப்பைகள் கிடந்தன.

"காலைல யாரு வந்தா?" என்று கேட்டேன்.

"யாரு வருவா?" என்று சிரித்தாள்.

இன்று இருட்டோடு எழுந்து சமையலறைக்குப் போனேன். தினமும் வருகிறவனுக்குக் கொடுப்பதுபோல் இரண்டாவது கோப்பையை நீட்டினாள்.

"ஏன் இன்னிக்கு லேட்டு? மெதுவா பேசுங்க. அவர் முழிச்சா எரிஞ்சு விழுவார்."

நான் அப்போதுதான் எழுந்துவந்த கட்டிலிலிருந்து என் குறட்டை கேட்டது.

கோப்பையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.