கப்பல் வராத ஆடிப்பெருக்கு

காவிரியின் அடியில் சிமெண்ட் போட்ட பிறகு, திருச்சியில் கப்பல் வரும் நாளில் மட்டும்தான் ஆற்றைப் பார்க்க முடியும். உல்லாசக் கப்பலுக்காக ஊருக்கு மேற்கே மதகைத் திறப்பார்கள். கப்பல் போனதும் மூடிவிடுவார்கள்.

ஆடிப் பதினெட்டன்று வரவேண்டிய கப்பல் பழுதாகி மதகிலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் பெருக்கு. செங்கமலம் புதுத் தாலிக்கயிறும் காப்பரிசியுமாகக் காய்ந்த படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் தனபாலுக்கு அந்தக் கப்பலில்தான் வேலை. நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வான்.

"மதகைத் தொறக்கச் சொல்லுங்களேன்" என்று போனில் அழாத குறையாகக் கேட்டாள்.

"கப்பல் நகராமத் தொறக்க மாட்டாங்களாம் கமலம். நீ படியை விட்டு எந்திரிச்சுப் போயிராத."

பக்கத்து வீட்டுச் சகுந்தலா அக்கா, "வாடி, குடத்துத் தண்ணியை வச்சு மாத்திக்கலாம்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். செங்கமலம் அசையவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது, சிமெண்டின் மேல் ஒரு நீர்க்கோடு நெளிந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் நனையும் வாய்க்காலானது. பெண்கள் குலவையிட்டார்கள்.

சகுந்தலா அக்கா ஒரு கை அள்ளி, முகத்தைச் சுளித்தாள். "என்னடி, குளோரின் நெடி அடிக்குது! இதுவா காவேரி?"

செங்கமலமும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்து வரும் நாளில் அவன் சட்டையில் அடிக்கும் அதே நெடி.

"அவருதாங்க்கா" என்று கயிற்றை நீட்டினாள். "வத்தறதுக்குள்ள கட்டிவிடுங்க."