மேல ரெண்டு வெத்தல

"யாரு சொன்னது இல்லன்னு? என் வெத்தலதான்டி உங்கப்பா இருமல நிறுத்திச்சு! பின்ன, உன் போன்ல பாத்த வைத்தியமா நிறுத்திச்சு?"

ரேணுகாம்பாள் கொல்லையில வெத்தலக் கொடிக்குத் தண்ணி தெளிச்சிகினே கேட்டா. மக ஹேமலதா கஷாய டம்ளரக் கழுவிகினு இருந்தா.

"நான் இன்னா சொல்லிட்டேன்? கற்பூரவல்லியும் இருமலுக்கு நல்லதுன்னேன். அவ்ளோதாம்மா."

"கற்பூரவல்லி!" ரேணுகாம்பாள் வேணும்னே கொரல ஒசத்தினா. மதிலுக்கு அந்தாண்ட லீலா வீடு. மதில் மேலயே ஒடஞ்ச பக்கெட்ல அந்தச் செடி. "அதெல்லாம் ஒரு செடியாடி? குச்சிய ஒடச்சிக் குப்பையில போட்டாக்கூட தழையும். தண்ணி ஊத்தலன்னா ஏன்னு கேக்காது, ஜாஸ்தி ஊத்தினாத்தான் அழுவிப் போவும். என் வெத்தல அப்பிடியா? வெயில் ஆவாது, அனல் காத்து ஆவாது. ஈரம் வேணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. படர்றதுக்கு ஒரு மரம் வேணும். வீட்டுக்கு வந்த மாப்புள்ள மாதிரி பாத்துக்கணும்."

"ஆமாம்மா, கோச்சிகினா ஒரே நாள்ல மூஞ்சி வாடிப் போற மாப்புள்ள."

"பேசுவடி. தட்டுல கற்பூரவல்லிய வெச்சி யாராவது பொண்ணு கேப்பாங்களா? களம்பூர்ல உங்க மாமன் நிச்சயத்துக்குப் போறப்போ, எங்க சித்தப்பா வெத்தலக் கூடைய பஸ்லயே வுட்டுட்டு எறங்கிட்டாரு. பஸ்ஸு போளூருக்குப் பூடுச்சி. வெத்தல வந்தாத்தான் பேச்சுன்னு பொண்ணு வூட்டுக் கெழவி ஒக்காந்துட்டா. ரைஸ்மில் லாரியில ஏறி பஸ்ஸத் தொரத்தினாங்க தெரியுமா? அந்த மரியாத வெத்தலைக்கு!"

"கற்பூரவல்லியில பஜ்ஜி போடலாமே?"

"பஜ்ஜி துன்னா இருமல் நிக்குமா?"

அந்த இருமல் லேசுப்பட்டது இல்ல. புருஷன் வேணுகோபால் தறியில ஒக்காந்து ஒரு இருமல் இருமினாப் போதும், மிதியில கால் தப்பும், பட்டுல கோடு வுழும். நெய்யறதோ கல்யாணப் பொடவ. கோடு வுழுந்தா யாரு வாங்குவா? மாத்திரைக்கும் அடங்கல. ரேணுகாம்பாள் வாசப் பக்கம் ராட்டையில நூல் சுத்திகினே, "வெத்தலயும் மொளகும் போட்டுக் காச்சிக் குடு"ன்னு மகளுக்கு உத்தரவு போட்டா. இப்ப மனுஷன் இருமாம நெய்யறாரு.

ஆனா புருஷன் இருமல் நின்னதவிட, லீலா செடிய தன் கொடி ஜெயிச்சதுதான் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

போன ஐப்பசியில ரேணுகாம்பாள் சாயம் போட்ட பட்டு நூல இதே கொல்லையில காயப் போட்டிருந்தா. உள்ள தறி சத்தத்துல மழ வந்தது தெரியல. மொத்த நூலும் பாழ். லீலா அப்போ வெளிய நின்னு பாத்துகினே இருந்தாளாம், ஒரு கொரல் குடுக்கலியாம். யாரோ வந்து சொன்னாங்க. இவளும் போயி நெசமான்னு கேக்கல. அன்னிக்கு நின்ன பேச்சு.

"பாரேன், கொழா கிட்ட கெடந்த செடியக் கொண்டாந்து மதில் மேல வெச்சிருக்கறத! எனக்குக் காட்டணுமாம்!"

சொல்லி வாய மூடல, மூக்கு மேல ஒரு சொட்டு வுழுந்துச்சு.

அண்ணாந்து பாத்தா, வானம் கருத்துக் கெடக்குது. மதிலுக்கு அந்தாண்ட மூங்கில் கழியில லீலாவோட பட்டு நூல் தொங்குது. அரக்கு நெறம், கத்தை கத்தையா. வீட்டுக்குள்ள அவ தறி சடக்கு சடக்குன்னு ஓடிகினு இருக்குது.

"அம்மா! லீலா அத்தையோட நூலு!"

ஓடப் போன மக கைய ரேணுகாம்பாள் கெட்டியாப் புடிச்சா.

"வாய மூடு. அன்னிக்கு என்னக் கூப்டாளா அவ? நனையட்டும். அப்பத்தான் தெரியும்."

"கைய வுடும்மா!"

"வுட மாட்டேன்."

ஹேமலதா அம்மா மூஞ்சியப் பாத்தா. "அப்பா குடிச்சது வெத்தலக் கஷாயம் இல்லம்மா."

"பின்ன?"

"வெத்தல குடுத்துப் பாத்தேன், நிக்கல. அப்பா இருமறது அந்தாண்ட கேக்காதா? லீலா அத்ததான் செடியத் தூக்கி மதில் மேல வெச்சி, 'வேணும்கறப்போ கிள்ளிக்கோடி, என்னக் கேக்காத'ன்னாங்க."

"பொய்யி! எனக்கு வெத்தல வாசனதான் வந்துச்சு!"

"அதுவும் அவங்க சொன்ன யோசனதான். 'உங்கம்மாவுக்கு ரோஷம் ஜாஸ்தி, தெரிஞ்சா கொட்டிடுவா. மேல ரெண்டு வெத்தலயக் கசக்கிப் போடு'ன்னாங்க."

ரேணுகாம்பாள் மதிலப் பாத்தா. லீலா வீட்டுப் பக்கம் செடி பொசுபொசுன்னு தழைஞ்சிருந்துச்சு. இந்தாண்ட மட்டும், காம்பு காம்பா மொட்டை.

சொட்டு பெருசாச்சு. மக கைய எப்ப வுட்டான்னு அவளுக்கே தெரியல. முந்தானைய தலைமேல இழுத்துகினு மதில் கிட்ட ஓடினா.

"ஏ லீலா! காதுல தறியக் கட்டிகினு ஒக்காந்திருக்கியா? மழ வந்துடுச்சிடி! ஜல்தி வா, நூல உள்ள எடு!"