தடுப்புப் பட்டியல்

மருத்துவமனை வாசலில் அப்பா மூன்றாவது முறையாகத் தன் மின்னஞ்சல் முகவரியைச் சொன்னார். மூச்சு இரைத்தது.

"செல்லாத முகவரி. இப்படி ஒருவர் இல்லை," என்றது கதவு, அதே கனிந்த குரலில்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற நர்ஸ் கையை விரித்தாள். "அது ஏத்துக்கிட்டாத்தான் திறக்கும்மா. எங்க கையில ஒண்ணுமில்ல."

அப்பாவைத் தாங்கி நின்ற கயற்கண்ணிக்கு அப்போதுதான் சுரீரென்றது. இன்று காலை முதல் நாட்டின் எல்லா மருத்துவமனைக் கதவுகளிலும் ஓடுவது, முகவரியைச் சரிபார்த்து உள்ளே விட அவள் எழுதிய நிரல். போன மாதம் எழுதி முடித்ததும், செல்லாத முகவரியை அது தடுக்கிறதா என்று சோதிக்க ஏதாவதொரு முகவரி தேவைப்பட்டது. மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைத் தடுப்புப் பட்டியலில் தட்டினாள். ஒழுங்காகத் தடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனவள், அதை அழிக்க மறந்துவிட்டாள்.

அலுவலகத்துக்கு அழைத்தாள். திருத்தம் எல்லாக் கதவுகளுக்கும் போய்ச்சேர நாளைக் காலை ஆகிவிடும் என்றார்கள்.

அப்பா அவள் தோளில் சாய்ந்தார். "கயலு, நீ போட்டுக்குடுத்த அட்ரஸ்தானம்மா... நான்தான் எங்கயோ தப்பாச் சொல்றேன் போல."

கதவைப் பார்த்து, முதல் எழுத்திலிருந்து நிதானமாக மறுபடி ஆரம்பித்தார்.