ஆர்வித்தின் மூக்கு

சலவை அறைச் சன்னலுக்கு வெளியே ஏப்ரல் பனி அழுக்கேறிக் கிடக்கிறது. மாடிப்படிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்ட ஆளுயர எஃகுக் குழாய் முழுக்கக் கரி. மேல் கேனில் ஊற்றிய வீட்டுச் சாராயம் அதற்குள் இறங்கி, புளித்த நாற்றத்தைக் கரியிடமே விட்டுவிட்டு, அடியிலுள்ள கண்ணாடி ஜாடியில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஆர்வித் ஒரு சொட்டை ஏந்தி, உள்ளங்கையில் தேய்த்து முகர்கிறான். சனிக்கிழமை மகள் கல்யாணம். வருகிறவர்களெல்லாம் இதைக் காப்பியில் கலந்து குடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் யார் காய்ச்சினாலும் ஆர்வித் முகர்ந்து சரியென்றால்தான் அது சபைக்குப் போகும். ஜனவரியில் காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு அடுப்பில் மீன் கருகினாலும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை அவன் மனைவி ஓட்னி மட்டும் கவனித்திருக்கிறாள்.

"இதையும் கொஞ்சம் பாரேன்" என்று அவள் ஒரு கோப்பையை நீட்டுகிறாள். மேல் கேனிலிருந்து மொண்டது, இன்னும் கரியைத் தொடாதது. நீட்டும்போதே அவளுக்குக் குமட்டுகிறது. அவன் கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுக்கிறான்.

"ஒண்ணுமே இல்ல. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. உன் தம்பி ஹால்வர் போன வருஷம் காய்ச்சுனானே, நனைஞ்ச நாய் நாத்தம்! அவன வந்து இத மோந்து பாக்கச் சொல்லு."

"உன் மூக்க யாரு ஏமாத்த முடியும்?" என்கிறாள்.

அவன் சிரித்தபடி குழாயின் திருகை இறுக்கக் குனிகிறான். அவள் கோப்பையை மேல் கேனில் திரும்ப ஊற்றுகிறாள். பிறகு ஜாடியில் ஒரு விரலை நனைத்து, அவனுக்குத் தெரியாமல், தன் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்கிறாள்.